944-ஆ, 911 கரேரா 3.2-ஆ: செலவு சொல்லிவிட்டு வரும் வண்டி எது?

எண்பதுகளின் போர்ஷே ஒன்றை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். 911 கரேரா 3.2-ல் காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் இன்ஜின் பின்னால் இருக்கும். 944-ல் தண்ணீரால் குளிரும் நான்கு சிலிண்டர் இன்ஜின் முன்னால். நான் 944 கட்சி. 911 வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

அந்தச் சிரிப்புக்குக் காரணம், 944-க்கு மூலமான 924. போக்ஸ்வாகனுக்காகப் போர்ஷே வடிவமைத்த வண்டி அது. போக்ஸ்வாகன் திட்டத்தைக் கைவிட்டதும் போர்ஷேயே எடுத்து, ஆடி குடும்பத்து 2 லிட்டர் இன்ஜினோடு விற்றது. 944-ம், 924 உருவான நெக்கார்சுல்ம் ஆடி ஆலையில்தான் உருவானது. ஆனால் அதன் 2,479 சிசி இன்ஜின் போர்ஷேயின் சொந்தச் சரக்கு, போர்ஷேயின் பெரிய வண்டியான 928-ன் எட்டு சிலிண்டர் வி8-ல் பாதி என்று சொல்லலாம். இவ்வளவு பெரிய நான்கு சிலிண்டர் அதிரும் என்பதால் மிட்சுபிஷியிடம் உரிமம் வாங்கி இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட் வைத்தார்கள். இந்த இன்ஜினின் டர்போ முன்மாதிரி 1981 லெ மான் பந்தயத்தில் வால்டர் ரோர்ல், யூர்கன் பார்த் கைகளில் ஏழாவதாக வந்தது. 911-ன் பரம்பரையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதே 1981-ல் போர்ஷேயின் தலைமைக்கு வந்த பீட்டர் ஷுட்ஸ், 911-ஐ நிறுத்தப்போவதைக் காட்டி உற்பத்தி அட்டவணையில் பாதியில் நின்றிருந்த அதன் கோட்டை மார்க்கரால் சுவர் வரை இழுத்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கோடு இல்லையென்றால் 3.2 வந்தே இருக்காது.

ஐரோப்பிய 911-க்கு 231 குதிரைத்திறன், 944-க்கு 163. நேர்ச்சாலையில் போட்டியே இல்லை. வளைவில் 944-ன் எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமம். 911-ல் பாதி வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டால் வால் வெளியே வரும். இதெல்லாம் தெரிந்த கதை. எதை வாங்குவது என்பதை முடிவு செய்ய வேண்டியது பராமரிப்பு.

944-ன் பெரிய செலவு தேதி சொல்லிவிட்டு வரும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை ஓட்டும் டைமிங் பெல்ட் அறுந்தாலோ பல் தாண்டினாலோ பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். அதனால் நான்கு ஆண்டு அல்லது சுமார் 50,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். ஓடாமல் நின்ற வண்டிக்கும் நான்கு ஆண்டுதான் கணக்கு. பெல்ட்டை மட்டும் மாற்றுவது அரைவேலை. பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட், ரோலர்கள், வாட்டர் பம்ப், கிராங்க், கேம், பேலன்ஸ் ஷாஃப்ட்களின் முன்பக்க ஆயில் சீல்கள் எல்லாம் சேர்ந்தே போக வேண்டும். சீல் கசிந்து ஆயில் பட்டால் புது பெல்ட்டும் ஊறிக் கெட்டுப்போகும். பேலன்ஸ் பெல்ட் அறுந்தால் அதன் துண்டு டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கலாம். இழுவிசையை அதற்கான அளவுமானியால் பார்க்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது போதாது. இறுகினால் ஊளைச் சத்தமும் பம்ப் பேரிங் தேய்மானமும், தளர்ந்தால் பல் தாண்டல். பெல்ட்டைத் தானே இறுக்கும் ஸ்பிரிங் டென்ஷனர் இல்லாத பழைய வண்டிகளில் புது பெல்ட் போட்டு 3,000 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். இதை மறந்துவிடுபவர்கள் ஏராளம்.

இரண்டாவது பெரிய செலவு கிளட்ச். பழைய தட்டின் நடுவில் இருப்பது ரப்பர். வயதாகி அது கிழிந்தால் வண்டி ஒரு அடி அடித்து நகரும், பிறகு நகரவே நகராது. கியர்பாக்ஸ் பின்னால் இருப்பதால் எக்ஸாஸ்ட், ஆக்சில், கியர்பாக்ஸ், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் ட்யூப் என்று வரிசையாக அவிழ்த்த பிறகுதான் கிளட்ச்சில் கை படும். ஸ்பிரிங் வைத்த தட்டைப் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை ஒழிந்தது.

911-ல் டைமிங் பெல்ட்டே கிடையாது. கேம்களைச் செயின் ஓட்டுகிறது. முந்தைய வண்டிகளில் தகராறு செய்த டென்ஷனருக்கு 3.2-ல் ஆயில் அழுத்தம் கொடுத்துச் சரிசெய்துவிட்டார்கள். வால்வு இடைவெளியைக் குளிர்ந்த இன்ஜினில் 0.10 மில்லிமீட்டருக்கு வைத்தால் போதும். இதைக் கேட்டுவிட்டு 911-க்குச் செலவே இல்லை என்று நினைப்பவர்கள் வால்வு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடையும், சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் ஹெட் ஸ்டட்டையும் மறந்துவிடுகிறார்கள். கைடு தேய்ந்தால் ஆயில் குடிக்கும், நீலப் புகை தள்ளும். எக்ஸாஸ்ட் பக்கத்து ஸ்டட்கள் ஈரமும் சூடும் பட்டு அரித்து, ஒருநாள் சத்தமில்லாமல் முறியும். கீழ் வால்வு மூடியைக் கழற்றும்போது நட்டும் துண்டும் கையில் வந்து விழும். இரண்டுக்கும் இன்ஜினை இறக்கி ஹெட்டைக் கழற்ற வேண்டும். அவ்வளவு தூரம் வந்தபின் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் 9 மில்லிமீட்டர் போல்ட்டையும் மாற்றாமல் மூட யாருக்கும் மனம் வராது. இந்தச் செலவு எந்த வருடம் வரும் என்று எந்த அட்டவணையும் சொல்லாது.

விற்கும்போது மட்டும் கணக்கு தலைகீழ். 911-ல் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பும். 944-ல் திரும்பாது, உதிரிபாகத்துக்குப் போர்ஷே விலை, வண்டிக்கோ 911 விலையில் ஒரு பங்குதான். அதனால் மலிவான 944-ஐ வாங்கித் தேற்றுவது மோசமான பேரம். பெல்ட், கிளட்ச் ரசீதுகள் தேதியோடு இருக்கும் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பதே லாபம். சில வருடங்களில் விற்றுவிடும் எண்ணம் இருந்தால் என் பேச்சைக் கேட்காமல் 911-ஐ எடுங்கள்.

944-ன் 16 வால்வு எஸ், எஸ்2 வண்டிகளில் என் கைப்பழக்கம் குறைவு. இரண்டு கேம்களுக்கு நடுவே ஒரு செயினும், தேய்ந்து உடையும் பிளாஸ்டிக் டென்ஷனர் பட்டையும் உண்டு; அதையும் பெல்ட் வேலையோடு பார்க்கச் சொல்லுங்கள்.

பார்க்கப் போகும்போது 944-ல் கதவுக்குக் கீழுள்ள சைடு சில் முனைகளையும், இன்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தீச்சுவர் ஓரம் பேட்டரி இருக்கும் வண்டியானால் அதன் தட்டையும் துருவுக்காகத் தட்டிப் பாருங்கள். தட்டு ஓட்டையானால் தண்ணீர் நேரே கம்ப்யூட்டர் பெட்டியில் இறங்கும். கூலன்ட் டப்பாவில் ஆயில் மிதந்தால் ஹெட் காஸ்கெட் என்று பயமுறுத்துவார்கள். முதலில் ஆயில் கூலர் சீலைச் சந்தேகியுங்கள். 911-ல் ஆயில் அளவை இன்ஜின் சூடாகி, சமதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் பார்த்து ஊற்றினால் மிஞ்சிய ஆயில் ஏர் ஃபில்டருக்குப் போகும். எதை வாங்கினாலும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் கொடுக்கும் டிஎம்இ ரிலே ஒன்றை உபரியாக டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள். அதன் ஈயப்பற்று விரிசல் விட்டால் பெட்ரோல் பம்ப் நின்று, நன்றாக ஓடிய வண்டி நடுச்சாலையில் படுத்துவிடும். இரண்டு வண்டிக்கும் இந்த வியாதி உண்டு.