பேஸ்பால் கார்டு செட்டுக்கு ஜிப் பைண்டரா, டி-ரிங் பைண்டரா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட கார்டுகளை செட் செட்டாக, அதாவது ஒரு வருடத்து வரிசையை ஒரு எண் விடாமல், சேர்ப்பவர் என்றால் 3 அங்குல டி-ரிங் பைண்டர் ஒன்றும், தனியாக விற்கும் 9 பாக்கெட் பிளாஸ்டிக் ஷீட்டுகளும் வாங்குங்கள். இப்போது எங்கே பார்த்தாலும் ஜிப் வைத்த பைண்டர்தான் கண்ணில் படுகிறது, தோல் மாதிரி அட்டை, உள்ளே கறுப்பு ஷீட், கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. ஆனால் செட் அடுக்க அது லாயக்கில்லை. இரண்டையும் வைத்துப் புழங்குகிறேன், அதனால்தான் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன்.

ஜிப் பைண்டரின் நல்லதை முதலில் சொல்லிவிடலாம். பாக்கெட்டின் வாய் பக்கவாட்டில் இருப்பதால் தலைகீழாகப் பிடித்தாலும் கார்டு வழுக்கி விழாது. பென்னி ஸ்லீவ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்ட கார்டும் தடங்கலில்லாமல் உள்ளே போகும். தூசி அண்டாது. பிடித்த ஒரு ஆட்டக்காரரின் கார்டுகளை மட்டும் சேர்க்கிறீர்கள், பெரிதாகக் கூடப் போவதில்லை என்றால் தாராளமாக வாங்கலாம்.

சிக்கல் என்னவென்றால் ஷீட்டுகள் தைத்தே வருகின்றன, ஒன்றைக் கழற்றி இடம் மாற்றவோ நடுவில் புதிதாகச் சேர்க்கவோ வழி கிடையாது. வழக்கமான 9 பாக்கெட் ஜிப் பைண்டரில் 20 ஷீட், இரண்டு பக்கமும் சேர்த்து 360 கார்டு. மர வேலைப்பாடு மாதிரி பார்டர் போட்ட, டாப்ஸ் கம்பெனியின் 1987 செட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 792 கார்டு. இரண்டு பைண்டர் நிரம்பி மூன்றாவதில் 72 கார்டு மட்டும் உட்கார்ந்திருக்கும், மீதி அத்தனையும் காலி. போதாக்குறைக்கு அந்தக் கறுப்புப் பின்னணி. கார்டின் முதுகைப் பார்க்கவே முடியாது. எனக்கு இதுதான் பெரிய குறை, ஏனென்றால் பேஸ்பால் கார்டில் பாதி சுவாரசியம் பின்பக்கத்தில் இருக்கிறது. வருடவாரியாக எத்தனை ஹோம் ரன், என்ன சராசரி, எந்த அணியிலிருந்து எந்த அணிக்குப் போனார் என்று எறும்பு எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன இருக்கிறது?

என்னிடம் இருக்கும் ஜிப் பைண்டரில் எல்லா பாக்கெட்டிலும் ஸ்லீவ் போட்ட கார்டை நிரப்பியதும் வயிறு உப்பிக்கொண்டது, ஜிப்பின் தலை கீழ் மூலையில் போய் மாட்டிக்கொள்கிறது, இழுத்து மூடினால் முதல் ஷீட்டின் தையல் விண்ணென்று நிற்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம். வாங்கும்போது தையலையும் ஜிப்பையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

சரி, டி-ரிங். ஏன் குறிப்பாக டி? சாதாரண ஃபைலில் ரிங் முழு வட்டமாக இருக்கும். மூடும்போது ஷீட்டுகள் அந்த வளைவில் ஏறி ஒன்றின்மேல் ஒன்று சரிந்து, உள்பக்க வரிசையில் இருக்கும் கார்டுகள் ரிங்கில் அழுந்தும். நாளாவட்டத்தில் கார்டின் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு பள்ளம் விழும், அது விழுந்தால் விழுந்ததுதான். டி வடிவ ரிங்கின் ஒரு பக்கம் நேராக இருப்பதால் ஷீட்டுகள் ஒரே சீராக அடுக்கி நிற்கும். ரிங் பொருத்தியிருக்கும் இடத்தையும் பாருங்கள், முதுகில் இல்லாமல் பின் அட்டையில் இருக்க வேண்டும்.

ஷீட்டுகளில் நான் வாங்குவது அல்ட்ரா ப்ரோவின் பிளாட்டினம் 9 பாக்கெட், 100 ஷீட் கொண்ட பெட்டி. பாலிப்ரோபிலீனில் செய்தது, பிவிசி கிடையாது, கண்ணாடி மாதிரி தெளிவு. பிவிசி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பழைய மென்மையான பிவிசி ஷீட்டுகளில் மென்மைக்காகக் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர் மெல்ல மெல்ல வெளியே கசிந்து கார்டின் மேல் பிசுபிசுப்பாகப் படியும், மை ஷீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். யாரிடமாவது பழைய பைண்டரோடு கார்டு வாங்கினால், திறந்ததும் புது ஷவர் திரை வாடை அடிக்கிறதா, ஷீட் விரலில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் அன்றைக்கே கார்டை வெளியே எடுத்துவிடுங்கள்.

புது ஷீட்டில் ஒரு தொல்லை உண்டு. பாக்கெட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும், வாய் திறக்காது, அவசரப்பட்டுத் தள்ளினால் கார்டின் மூலை மடங்கும். ஷீட்டின் இடது வலது ஓரங்களை லேசாக உள்நோக்கி அமுக்கினால் பாக்கெட் வாய் பிளக்கும், அப்போது கார்டை நேராகக் கீழே விடுங்கள், பாதி தூரம் போனதும் தானே இறங்கிவிடும். பத்துப் பதினைந்து ஷீட் போட்டதும் கை பழகிவிடும். மேலே வாய் உள்ள ஷீட் என்பதால் பைண்டரைத் தலைகீழாகப் பிடித்து உதறாதீர்கள், கார்டு கொட்டும்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. 792 கார்டை ஒரு பாக்கெட்டுக்கு ஒன்று என்று போட்டால் சரியாக 88 ஷீட், ஒரு பாக்கெட்கூட மிச்சமில்லை. டாப்ஸ் அந்தக் காலத்தில் 132 கார்டுகளை ஒரே பெரிய தாளில் அச்சடித்தது, அப்படி ஆறு தாள்தான் 792. 132 ஒன்பதால் மீதியின்றி வகுபடாது, ஆனால் ஆறு தாள் சேர்ந்தால் வகுபட்டுவிடுகிறது. யாரும் பைண்டரை நினைத்துச் செய்த கணக்கு இல்லை, அதிர்ஷ்டம்தான். 1982 முதல் 1992 வரை டாப்ஸ் செட்டுகள் எல்லாமே 792 என்பதால் அத்தனைக்கும் இதே கணக்கு ஓடும். அதற்கு முந்தைய 726, 660 கார்டு செட்டுகளுக்குக் கடைசி ஷீட்டில் கொஞ்சம் காலியாக நிற்கும்.

இப்படி அடுக்கிவிட்டால் அட்டவணையே தேவையில்லை. கார்டு எண்ணை ஒன்பதால் வகுத்து, மீதி இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள், ஷீட் எண் வந்துவிடும். 1987 செட்டில் பாரி பாண்ட்ஸ் என்ற ஆட்டக்காரரின் கார்டு எண் 320, அதாவது 36ஆவது ஷீட்டில் நட்டநடு பாக்கெட். மார்க் மெக்குவயர் 366, 41ஆவது ஷீட்டில் நடு வரிசையின் கடைசி. போ ஜாக்சன் 170, 19ஆவது ஷீட்டில் கீழ் வரிசையின் நடுவில். கிடைக்காத கார்டுக்கு அந்த பாக்கெட்டில் எண் எழுதிய துண்டுச் சீட்டைப் போட்டு வையுங்கள். புரட்டும்போதே என்ன குறைகிறது என்று தெரிந்துவிடும், கார்டு கிடைத்ததும் சீட்டை எடுத்துவிட்டுப் போட வேண்டியதுதான்.

ஒரு பாக்கெட்டில் முதுகோடு முதுகாக இரண்டு கார்டு போட்டால் ஷீட் பாதியாகக் குறையுமே என்பார்கள். குறையும். ஆனால் இரண்டாவதை நுழைக்கும்போது முதலாவதன் மேல் உரசும், இரண்டின் பின்பக்கமும் மறையும். அப்புறம் ஜிப் பைண்டரைக் குறை சொல்ல வாயேது?

டி-ரிங்கிலும் குறை இல்லாமல் இல்லை. 88 ஷீட்டும் போட்ட பைண்டர் நல்ல கனம், மடியில் வைத்துப் புரட்டினால் தொடை வலிக்கும். ஆபீஸ் ஃபைலாக விற்பதில் சிலவற்றின் அட்டை அகலம் போதாமல் ஷீட்டின் ஓரம் வெளியே நீட்டும், கார்டுக்கென்றே செய்த அகல அட்டை பைண்டராகப் பார்த்து வாங்குங்கள். ஷீட்டில் இருப்பது மூன்று ஓட்டை, இரண்டு ரிங், நான்கு ரிங் ஃபைலில் போட்டால் பொருந்தாது. வைக்கும்போது புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். படுக்கப்போட்டு ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் கீழே இருப்பதன் கதி அதோகதி.

எல்லா கார்டும் இந்த ஷீட்டில் அடங்காது. இன்றைய 2.5க்கு 3.5 அங்குல அளவை டாப்ஸ் 1957இல்தான் கொண்டுவந்தது. 1952 முதல் 1956 வரை வந்தவை கொஞ்சம் பெரியவை, அவற்றுக்கு 8 பாக்கெட் ஷீட் தனியாக இருக்கிறது. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டியோடு வந்த டி206 கார்டுகள் ஒன்றரை அங்குல அகலம்கூட இருக்காது, 15 பாக்கெட் ஷீட் வாங்க வேண்டும். மிக்கி மாண்டில் என்ற ஆட்டக்காரரின் 1952 டாப்ஸ் கார்டு ஒன்று 2022 ஏலத்தில் 1.26 கோடி டாலருக்குப் போனது. அந்த ரகக் கார்டு யாரிடமாவது இருந்தால் பைண்டர் பற்றிப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். ஆட்டத்தில் அணிந்த ஜெர்சித் துணியைப் பதித்து வரும் தடித்த கார்டுகளையும் ஷீட்டில் திணிக்காதீர்கள், பாக்கெட் கிழியும், பக்கத்து கார்டும் வளையும். தடிமனுக்கேற்ற டாப்லோடரில், அதாவது கெட்டியான பிளாஸ்டிக் உறையில், போட்டுத் தனிப் பெட்டியில் வைத்துவிடுங்கள், செட்டில் அதன் இடத்தில் ஒரு துண்டுச் சீட்டு போதும்.