பழைய காருக்கு விண்டேஜ் பதிவா, சாதா ஆர்.சி. புதுப்பிப்பா?

அப்பாவின் 1968 பியட்டில் எம்.டி.யூ. நம்பர் பிளேட்டை இன்னும் துடைத்து வைத்திருக்கிறேன். என்னைப்போல் மதுரையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வழி: விண்டேஜ், அதாவது பாரம்பரிய வண்டி என்று தனியாகப் பதிவது, இல்லையென்றால் சாதா ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) புதுப்பிப்பது.

வயது: விண்டேஜுக்கு முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டணும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. சாதாவுக்கு எஃப்.சி. (தகுதிச் சோதனை) பாஸானால் போதும்.

செலவு: விண்டேஜ் புதுப்பதிவு 20,000 ரூபாய், 10 வருடத்துக்கு, மறுபதிவு 5,000. சாதாவில் 20 வருடம் கடந்த காருக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை 10,000. பசுமை வரி தனி.

ஓட்டம்: இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். விண்டேஜில் கிலோமீட்டர் வரம்பு கிடையாது, எதற்காக ஓட்டுகிறோம் என்பதுதான் கணக்கு. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இதற்கெல்லாம் எடுக்கலாம். தினமும் மாட்டுத்தாவணி போய் வர முடியாது, வாடகைக்கும் விடக்கூடாது. சாதா ஆர்.சி.யில் அழகர்கோவிலுக்குக் குடும்பத்தோடு எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

நம்பர்: புதிதாக விண்டேஜ் பதிவு செய்தால் வி.ஏ. எழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். எனக்கு இது பெரிய நிம்மதி.

ஆர்.சி. இல்லாமல் இறக்குமதியான வண்டி, ராலிக்கு மட்டும் எடுப்பது என்றால் விண்டேஜ். ஞாயிறுதோறும் அம்மாவைக் கூட்டிப்போகும் எங்கள் பியட்டுக்கு சாதா புதுப்பிப்புதான்.