லாக்புக்கில் கையெழுத்து இருக்கிறது, ஆனால் செல்லாது: அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் வாரக்கடைசிகளில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ஐ.டி. வேலை, கையில் கொஞ்சம் காசு, சின்ன வயதிலிருந்தே ஒரு ஆசை. இப்படிப்பட்டவர்களைத்தான் இந்த மாதிரிப் பள்ளிகள் குறிவைக்கின்றன. பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயர் தெரிவதைவிட அவர்கள் செய்த வேலை தெரிவதுதான் முக்கியம், ஏனென்றால் வேறு ஊரில் வேறு பெயரில் இதே வேலை நடக்கலாம்.

இடம் டெக்சாஸ், கன்ட்ரோல் டவர் இல்லாத ஒரு சின்ன ஏர்போர்ட். 2024-இல் சேர்ந்தேன். எனக்கு வேண்டியது பிரைவேட் பைலட் சர்டிஃபிகேட். மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு பறக்க வேண்டும் என்றால் அதுதான் வழி. அதைவிடச் சின்னதான ஸ்போர்ட் பைலட் சர்டிஃபிகேட் என்றால் ஒரே ஒருவரைத்தான் கூட்டிப் போகலாம். இதைச் சேரும்போதே தெளிவாகச் சொன்னேன், அவர்களும் விண்ணப்பத்தில் பிரைவேட் பைலட் என்றே எழுதிக்கொண்டார்கள். எங்களிடம் இரண்டு சீட் லைட் ஸ்போர்ட் விமானம் இருக்கிறது, மணிக்கு வாடகை குறைவு, எல்லா மணிநேரமும் பிரைவேட் கணக்கில் சேரும் என்றார்கள். நான் கிரீன் கார்டுக்காரன் என்பதால் பயிற்சிக்கு முன் டி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்தக் காகித வேலையை இம்மி பிசகாமல் செய்து கொடுத்தார்கள். அதைப் பார்த்து மற்ற விஷயங்களிலும் இவர்கள் ஒழுங்கானவர்கள் என்று யாருக்கும் தோன்றும்.

இன்ஸ்ட்ரக்டர் நல்ல பையன். லேண்டிங் சொல்லிக் கொடுத்த விதத்தில் எனக்கு இன்றும் குறையில்லை. சோலோ விட்டார், அதாவது தனியாகப் பறக்க அனுப்பினார். கண்ணில் ஹூட் மாட்டி, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி கொடுத்தார். இரவிலும் கூட்டிப் போனார். ஒவ்வொன்றையும் பறந்த கணக்கு எழுதும் லாக்புக்கில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அவர் வேறு வேலைக்குப் போனதும், செக்ரைடு என்ற கடைசிப் பறக்கும் தேர்வுக்குத் தயார் செய்ய பக்கத்து ஏர்போர்ட்டில் இருந்த ஒரு வயதான இன்ஸ்ட்ரக்டரிடம் போனேன். அவர் விமானத்தின் பக்கமே போகவில்லை. லாக்புக்கை மேசையில் விரித்து, ஹூட் மணிநேரம் எழுதிய கட்டத்தில் பென்சில் முனையை வைத்து, "இவர் யார்?" என்றார். கையெழுத்துக்குப் பக்கத்தில் சர்டிஃபிகேட் எண், கடைசியில் ஃபிளைட் இன்ஸ்ட்ரக்டரைக் குறிக்கும் சி.எஃப்.ஐ. என்ற மூன்று எழுத்து. நான் அதைக் காட்டினேன். "அது எல்லா இன்ஸ்ட்ரக்டருக்கும் ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டு, கணினியைத் திறந்து எஃப்.ஏ.ஏ. என்ற அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் தளத்தில் பைலட்டுகளின் விவரம் தேடும் பக்கத்தில் அந்தப் பையனின் பெயரை அடித்தார். ஃபிளைட் இன்ஸ்ட்ரக்டர் என்று வந்தது. எதைச் சொல்லித்தரலாம் என்று காட்டும் ரேட்டிங் இருக்கும் இடத்தில் ஸ்போர்ட். அவ்வளவுதான். ஏர்ப்ளேன் சிங்கிள் எஞ்சின் என்று வர வேண்டிய இடம் அது.

இங்கே இன்ஸ்ட்ரக்டர்களில் இரண்டு ரகம் என்பது பலருக்குத் தெரியாது. வழக்கமான ரகத்தில், விமானம் கற்றுக்கொடுப்பவர் கமர்ஷியல் பைலட்டாகவும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி) உள்ளவராகவும் இருக்க வேண்டும். 2004-இல் ஸ்போர்ட் பைலட் விதிகள் வந்தபோது இன்னொரு ரகமும் வந்தது. அதற்கு ஸ்போர்ட் பைலட் சர்டிஃபிகேட்டே போதும், விமானத்துக்கு 150 மணிநேர அனுபவம் இருந்தால் தேர்வு எழுதலாம். இவர்கள் போலிகள் இல்லை. ஸ்போர்ட் பைலட் ஆக மட்டும் விரும்புகிறவருக்கு இவர்கள் தாராளமாகப் போதும், செலவும் குறைவு. ஆனால் இவர்கள் எதற்கெல்லாம் கையெழுத்துப் போடலாம் என்று எஃப்.ஏ.ஏ. விதி 61.413 பட்டியல் போட்டிருக்கிறது: ஸ்போர்ட் பைலட் ஆகப் போகும் மாணவர், ஸ்போர்ட் பைலட், ஸ்போர்ட் இன்ஸ்ட்ரக்டர் ஆகப் போகிறவர், பவர்ட் பாராசூட், வெயிட் ஷிஃப்ட் என்ற சின்னப் பறக்கும் வண்டி வகைகள், இப்படி. சாதாரண விமானத்தில் பிரைவேட் பைலட் செக்ரைடுக்கு மாணவரை அனுப்புவது அந்தப் பட்டியலில் இல்லை. டூவீலர் சொல்லிக் கொடுப்பவர் பஸ் லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போட்ட கதைதான்.

பள்ளிக்குப் போன் செய்தேன். மேலாளர் அசரவே இல்லை. "2018-இல் சட்டம் மாறிவிட்டது சார், ஸ்போர்ட் இன்ஸ்ட்ரக்டர் கொடுத்த மணிநேரமும் பிரைவேட்டுக்குச் சேரும்" என்றார். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், உங்களிடமும் இதையேதான் சொல்வார்கள்.

2018-இல் சட்டம் மாறியது உண்மை. ஆனால் அவர் சொன்னது பாதி. விதி 61.109-இல் சேர்த்த அந்தச் சலுகை, ஸ்போர்ட் பைலட் சர்டிஃபிகேட்டை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு. நான் ஸ்டூடண்ட் பைலட். சர்டிஃபிகேட் கையில் இல்லாதவரை அந்த டியூவல் மணிநேரங்கள், அதாவது இன்ஸ்ட்ரக்டரோடு பறந்தவை, பிரைவேட் கணக்கில் பூஜ்யம். சர்டிஃபிகேட் வந்தாலும், ஸ்போர்ட், பிரைவேட் இரண்டுக்கும் பொதுவான பயிற்சிதான் சேரும். பிரைவேட்டுக்கு 3 மணிநேர இரவுப் பயிற்சி கட்டாயம். அது ஸ்போர்ட் பாடத்திட்டத்தில் கிடையாது, ஆகவே அந்தப் பையனோடு இரவில் பறந்ததெல்லாம் போச்சு. ஹூட் பயிற்சிக்கு ஒரு விலக்கு உண்டு: அதைச் சொல்லித்தர விதி 61.412-இன்படி தனிப் பயிற்சியும் எண்டார்ஸ்மெண்டும் (லாக்புக்கில் எழுதித்தரும் ஒப்புதல்) வாங்கிய ஸ்போர்ட் இன்ஸ்ட்ரக்டராக இருந்தால் சேரும். அவரிடம் அது இல்லை. நான் கேட்டபோது அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார், பாவம். பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவருடைய சர்டிஃபிகேட்டின் நகலைத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டே, பிரைவேட் மாணவரை அவரிடம் தள்ளிவிட்ட பள்ளி மேல்தான்.

சோலோ கதை இன்னும் மோசம். சோலோ விடும் அதிகாரமும் அவருக்கு ஸ்போர்ட் பைலட் ஆகப் போகும் மாணவர்கள் விஷயத்தில்தான். என் காகிதங்களில் எல்லாம் பிரைவேட் என்று இருக்கிறது. அன்று தனியாகப் பறந்தபோது ஏதாவது ஆகியிருந்தால் இன்ஷூரன்ஸ்காரன் முதலில் எந்தத் தாளைத் தூக்கிப் பிடிப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பணம்? பறந்த நேரத்துக்குப் பணம் திரும்பாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நிறையச் சண்டைக்குப் பிறகு, இரவு மற்றும் ஹூட் வகுப்புகளுக்கான இன்ஸ்ட்ரக்டர் கட்டணத்தை மட்டும் கொடுத்தார்கள். பெரிய தொகையான விமான வாடகைக்குக் கையை விரித்துவிட்டார்கள். உள்ளூர் எஃப்.ஏ.ஏ. அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

வயதானவர் ஒரு வழி சொன்னார், இதே நிலையில் இருப்பவர்களுக்கு அது பயன்படும். முதலில் ஸ்போர்ட் செக்ரைடை முடித்துவிடு என்றார். அதற்கு மொத்தம் 20 மணிநேரம், அதில் 15 டியூவல், 5 சோலோ; அந்த அளவு நான் எப்போதோ தாண்டிவிட்டேன். தேர்வுக்கு முந்தைய 2 மாதத்துக்குள் 2 மணிநேரத் தயாரிப்பை அவரே கொடுத்தார். அந்த சர்டிஃபிகேட் கைக்கு வந்ததும், செத்துக் கிடந்த டியூவல் மணிநேரங்களில் பெரும்பகுதி பிரைவேட் கணக்கில் உயிர்பெற்றது. எழுத்துத் தேர்வு, எக்ஸாமினர் ஃபீஸ் எல்லாம் எனக்குக் கூடுதல் செலவு. இரவையும் ஹூட்டையும் புதிதாகப் பறந்துகொண்டிருக்கிறேன்.

நீங்கள் சேரும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான். இன்ஸ்ட்ரக்டரின் பிளாஸ்டிக் சர்டிஃபிகேட்டைக் காட்டச் சொல்லி, பின்பக்கத்தில் ரேட்டிங் வரியைப் படியுங்கள். வெட்கமாக இருந்தால் எஃப்.ஏ.ஏ. தளத்தில் பெயரைத் தேடுங்கள், இலவசம். நல்ல இன்ஸ்ட்ரக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். ஸ்போர்ட் என்று இருந்தால், "பிரைவேட் செக்ரைடுக்கு எனக்கு யார் கையெழுத்துப் போடுவார்?" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பிப் பறக்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: ஸ்போர்ட் சர்டிஃபிகேட்டை வைத்துக்கொண்டு, அந்தந்த நாட்டின் முன் அனுமதி இல்லாமல் அமெரிக்காவுக்கு வெளியே ஓட்ட முடியாது.

இப்போது ஒரு புதுச் சிக்கல். என் காலத்தில் விமானத்தைப் பார்த்தாவது ஒரு சந்தேகம் வர வாய்ப்பிருந்தது. இரண்டு சீட், 600 கிலோ என்று சின்னதாக இருக்கும். மோசைக் என்று சொல்லப்படும் புதிய விதிகள் 2025 அக்டோபர் 22 முதல் ஸ்போர்ட் பைலட்டுகளுக்கு நடைமுறைக்கு வந்துவிட்டன. இனி ஸ்போர்ட் பைலட் நான்கு சீட் செஸ்னா 172 ஓட்டலாம், ஸ்போர்ட் இன்ஸ்ட்ரக்டரும் அதில் கற்றுக்கொடுக்கலாம், தனிப் பயிற்சியும் மருத்துவத் தகுதியும் இருந்தால் இரவில்கூடப் பறக்கலாம். ஆக, பிரைவேட் மாணவர் ஏறும் அதே விமானம், அதே ஹெட்செட், அதே லாக்புக். "மோசைக் வந்த பிறகு எல்லாம் ஒன்றுதான் சார்" என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த 172-இல் நான்கு சீட் இருந்தாலும், ஸ்போர்ட் பைலட் ஏற்றிக்கொள்ளக்கூடிய பயணி இன்றும் ஒருவர்தான்.