டிசம்பர் குளிரில் நடக்க ஸயனா, பிரைஸா?

கடந்த டிசம்பரில் அமெரிக்காவின் யூட்டா போய் வந்ததிலிருந்து, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்களோடு மலை ஏறுகிறவர்கள் கேட்பது இதுதான்: இரண்டே நாள் இருந்தால், அங்குள்ள ஸயன், பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காக்களில் எங்கே நடப்பது? நான் ஸயன் என்பேன்.

இரண்டுமே சிவப்புப் பாறை, இரண்டுமே அழகு, ஒன்றிலிருந்து மற்றதற்குக் காரில் இரண்டு மணி நேரத் தூரம். அதில் பேச ஒன்றும் இல்லை. பேச வேண்டியது காலடிப் பனிக்கட்டியைப் பற்றி.

பிரைஸ் கேன்யனின் விளிம்பே 2,400 மீட்டருக்கு மேல். நம் கொர்பு மலை உச்சியே 2,183 மீட்டர்தான். பிரைஸில் பகல் வெயிலில் பனி இளகும், இரவில் மறுபடி உறையும். பாறை இடுக்கில் நீர் இப்படி உறைந்து உறைந்துதான் அங்குள்ள பாறைத் தூண்கள் உருவாயின. பாதையிலும் அதே கதை. ஆட்கள் மிதிக்க மிதிக்கக் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. பால்வெட்டுக்குப் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்தோடு நவாஹோ பாதையில் இறங்கிய மச்சான் இரண்டு முறை விழுந்தார். நம் காட்டுச் சேற்றில் அதை அடிக்க வேறு சப்பாத்து கிடையாது. ஆனால் ரப்பர் முள் பனிக்கட்டியில் இறங்காது. சப்பாத்தின் மேல் மாட்டும் இரும்பு முள் வேண்டும்.

ஸயன் பள்ளத்தாக்கின் தரை சுமார் 1,200 மீட்டர், நம் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவை விடத் தாழ்வு. டிசம்பர் பகலில் 10 டிகிரியைத் தாண்டிவிடும், அதனால் தாழ்வான பாதைகளில் பனி அதிகம் தங்குவதில்லை. முட்டி வலி உள்ள அம்மா, வெர்ஜின் ஆற்றோரம் தளம் போட்ட பாருஸ் பாதையில் யார் கையையும் பிடிக்காமல் நடந்தார். வாட்ச்மேன் பாதையில் ஏறும்போது எனக்கு வியர்த்தே விட்டது, குளிர்ச்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். அப்புறம், குளிரில் தாகம் தெரியாது. தண்ணீரை மறக்க வேண்டாம்.

ஸயனிலும் வெயில் படாத வளைவுகளில் பனிக்கட்டி உண்டு. அங்குள்ள ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை உச்சிக்கு ஏற 2022 முதல் அனுமதி வாங்க வேண்டும். நாங்கள் வாங்கவில்லை, ஏறவும் இல்லை. பனி கொட்டும் நாளிலும் நடந்ததில்லை. நான் சொல்வது வெயில் அடித்த நாள்களை வைத்துத்தான்.

மூன்றாவது நாள் கிடைத்தால் பிரைஸ் போங்கள். விடியலில் விளிம்பில் நின்று, பனி போர்த்திய தூண்களில் வெயில் ஏறுவதைப் பாருங்கள். கீழே இறங்குவதாக இருந்தால் மட்டும், முதலில் இரும்பு முள்ளை மாட்டிக்கொள்ளுங்கள்.