மயிலிறகுத் தக்கை: 9 வருடமாகப் போட்டுப் பார்த்ததில்

கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றங்கரையில் 2016 முதல் தூண்டில் போடுகிறேன். தெர்மாகோல் உருண்டை, பழைய செருப்பு ரப்பரில் வெட்டியது, கடையில் தொங்கும் சிவப்பு வெள்ளை பிளாஸ்டிக் பந்து, விலை கூடிய பால்சா மரத் தக்கை என்று எல்லாமே என் தூண்டில் நரம்பில் ஆடியிருக்கின்றன. இன்று பெட்டியில் மிஞ்சியிருப்பது மயிலிறகுத் தண்டுதான்.

முதல் வருடம் முழுக்கப் பந்துதான் போட்டேன். அது துள்ளும், ஆடும். தூக்கிப் பார்த்தால் முள்ளில் எறா இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: “தம்பி, அந்த உருண்டைய முழுவடிக்க மீன் எவ்ளோ இழுக்கணும்? இழுக்கும்போதே அதுக்கு உறுத்திடும், துப்பிட்டுப் போயிடும். ஈயத்த ஏத்து. நுனி மட்டும் தெரியட்டும்.” சொன்னதோடு தன் பையிலிருந்து ஒரு தண்டையும் எடுத்துக் கொடுத்தார்.

விஷயம் அவ்வளவுதான். மயில் தானாக உதிர்த்த இறகை எடுத்து, ஓரத்து முடியை பிளேடால் வழித்து, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையையும் பசையால் அடைத்துவிட வேண்டும். நுனிக்கு நகப்பூச்சு. நரம்பில் கோக்க சைக்கிள் வால்வு டியூப் துண்டு. காலையில் தண்ணீர் பளபளவென்று கண்ணைக் கூசும்போது சிவப்பு நுனி மறைந்துவிடுகிறது, கறுப்பு நன்றாகத் தெரிகிறது. அதனால் இரண்டு நிறத்திலும் வைத்திருக்கிறேன்.

எனக்குப் புரிய இரண்டு வருடம் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. வீட்டு வாளியில் நுனி மட்டும் தெரிகிற மாதிரி ஈயம் கட்டிக்கொண்டு போனால், ஆற்றில் தக்கை கூடுதலாக நிமிர்ந்து நிற்கும். உப்புத் தண்ணீர் அதிகம் தாங்கும் அல்லவா! கடலிலிருந்து ஓதம் ஏறும்போது இன்னும் நிமிரும். ஐப்பசி மழையில் ஆறு நல்ல தண்ணீராக ஓடினால் அதே தக்கை அதே ஈயத்துக்கு முழுகிப்போகும். கடைசி ஈய மணியைக் கரையில் வைத்துத்தான் நரம்பில் நசுக்கி மாட்ட வேண்டும், வீட்டில் அல்ல.

இப்படி எடை சரிசெய்த பிறகுதான் தக்கை பேச ஆரம்பித்தது. ஜிலேபி மீன் (திலேப்பியா) கொத்தும்: டக், டக் என்று நுனி நடுங்கும், அப்போது இழுக்கக் கூடாது, சாய்ந்து நகரும்போது இழுக்க வேண்டும். மடவைக்கு வாய் சின்னது, மாவைப் பொடிப்பொடியாகத்தான் தின்னும். நுனி ஒரு நூல் அளவு இறங்கினாலே கையை அசைத்துவிட வேண்டும். கெளுத்தி அவசரப்படாது, தக்கையை மெதுவாக இழுத்துக்கொண்டே போகும். குளத்தில் கெண்டை அடியில் கிடக்கும் இரையை வாயில் எடுத்துத் தலையைத் தூக்கும்போது ஈயத்தின் பாரம் விட்டுப்போய், தக்கை மேலே எழும்பிப் படுத்துவிடும். தக்கை முழுகக் காத்திருப்பவன் அந்த மீனைப் பார்க்கவே மாட்டான். பந்துத் தக்கை இதில் ஒன்றைக்கூடக் காட்டாது, உருண்டைக்கு நிற்பதும் படுப்பதும் ஒன்றுதானே. கொடுவா மட்டும் விதிவிலக்கு. உயிர் எறாவைத் தலையிலுள்ள கரும்புள்ளியில் படாமல் கோத்து விட்டால், எந்தத் தக்கையானாலும் ஒரே அடி, காணாமல் போய்விடும்.

ஆழம் பார்க்கவும் தக்கைதான். முள்ளில் ஒரு கனமான ஈயத்தை மாட்டி இறக்கி, நுனி தண்ணீர் மட்டத்துக்கு வரும்வரை தக்கையை ஏற்றி இறக்கினால் ஆழம் கையில். 2024 பெஞ்சல் புயல் வெள்ளம் வடிந்த பிறகு ஆல்பேட்டைப் பக்கம் தென்பெண்ணையில் என் வழக்கமான இடத்தில் இப்படிப் பார்த்தபோது, ஏழடி இருந்த மடு நாலரை அடியாகியிருந்தது. பழைய அளவிலேயே போட்டிருந்தால் இரை மணலில் கிடந்திருக்கும்.

குறைகளும் சொல்லிவிடுகிறேன். மதியத்துக்கு மேல் கடல் காற்று எடுத்தால் நரம்பு வில்லாக வளைந்து தக்கையை இழுத்துப்போகும். கழியின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு இரண்டு சுற்றுச் சுற்றி நரம்பை முழுக வைத்தால் கொஞ்சம் நிற்கும், பலத்த காற்றில் அதுவும் உதவாது. முகத்துவாரப் பக்கம் வத்தம் (கடலுக்கு வடியும் ஓதம்) இழுக்கும் நேரத்தில் எந்தத் தக்கையும் வேண்டாம், கனமான ஈயத்தை அடியில் போட்டுவிடுங்கள். வால்வு டியூப் உப்பிலும் வெயிலிலும் வெடித்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். எடை குறைவு என்பதால் தூரம் வீச வராது.

ஈய மணிகளைக் கரையில் சிந்திவிட்டு வராதீர்கள். கல் என்று நினைத்துப் பறவைகள் விழுங்கினால் விஷம். இதற்காகவே பிரிட்டனில் 1987 முதல் தூண்டிலுக்கான சின்ன ஈயக் குண்டுகளை விற்கத் தடை இருக்கிறது. பறவைகள் கூடும் பாகூர் ஏரிப் பக்கம் போகும்போது மணிகளை எண்ணி எடுத்துப்போய் எண்ணித் திருப்பிக் கொண்டுவருகிறேன்.

பெரியவர் கொடுத்த அந்தத் தண்டு இரண்டு முறை முறிந்து, வெட்டி ஒட்டி, இப்போது நாலு விரல் நீளத்தில் நிற்கிறது. ஜிலேபிக்கு இன்னும் அதைத்தான் போடுகிறேன்.