ஒரே வீட்டுக்குள்ள ரிமோட் டெஸ்க்டொப்: எது சரிவரும், எது வராது

கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில திருகோணமலையில மேல்மாடி அறைக்குள்ள இருந்து வேலை செய்து பாத்த ஆக்களுக்கு நான் ஏன் இதுக்குள்ள இறங்கினனான் எண்டு விளங்கும். உவர்மலையில எங்கட வீட்டில டெஸ்க்டொப் மேல, பிரின்டரும் அதோடதான் கிடக்கு, கீழ ஹோலில ஃபேனுக்குக் கீழ லப்டொப். கீழ இருந்துகொண்டு மேல இருக்கிறத ஓட்டோணும், அவ்வளவுதான் தேவை.

ஆரைக் கேட்டாலும் உடன சொல்லுறது நம்பர் குடுத்து இன்டர்நெட்டால கனெக்ட் பண்ணுற அந்த அப்புகளத்தான். ஒரே ரவுட்டரில இருக்கிற ரெண்டு மிசின் ஆளை ஆள் கண்டுபிடிக்க வெளியில இருக்கிற ஒரு சேர்வர் எதுக்கு, பக்கத்து வீட்டுக்குப் போக கொழும்பு சுத்திப் போற மாதிரி. அதில ஒண்டு (பேர் வேண்டாம்) அம்மாவின்ர டியூசன் பேப்பர் பிரின்ட் எடுத்ததுக்கே நீங்கள் பிஸ்னஸுக்குப் பாவிக்கிறீங்கள் எண்டு மறிச்சுப் போட்டுது. அதால வீட்டு நெட்வேர்க்குக்குள்ளயே முடியிற மூண்டைப் பாவிச்சுப் பாத்தன்.

முதலாவது விண்டோஸோட வாற ரிமோட் டெஸ்க்டொப். வேகத்தில இதுக்குக் கிட்ட மற்ற ரெண்டும் வராது, கீழ இருந்து வேர்ட் அடிக்கேக்க மேல் மிசினிலதான் அடிக்கிறன் எண்ட நினைப்பே இல்ல, சத்தமும் கீழ வரும், கொப்பி பேஸ்டும் ரெண்டு பக்கமும் வேலை செய்யும், லப்டொப்பின்ர ஸ்க்ரீன் அளவுக்கு தானே பொருந்தியும் வரும். ஆனா மேல இருக்கிற மிசினில விண்டோஸ் ப்ரோ இருக்கோணும். ஹோம் எண்டா அதில இருந்து வெளிய கனெக்ட் பண்ணலாம், அதுக்குள்ள ஆரும் வரேலாது. கடையில புது லப்டொப் வாங்கினா அனேகமா ஹோம்தான் போட்டுத் தருவாங்கள், அதால வாங்க முதல் செட்டிங்ஸில எபவுட்டைத் திறந்து பாருங்கோ. ஹோமில இதத் திறந்து விடுற பட்ச் எண்டு நெட்டில கிடக்கிறதுகள விண்டோஸின்ர வைரஸ் தடுப்பு டிஃபென்டரே பிடிச்சு நிப்பாட்டும், எனக்கு அதில விருப்பமில்ல.

இன்னொண்டு, கனபேர் மாட்டுப்படுற இடம் பாஸ்வேர்ட். லொகின் பண்ண அடிக்கிற நாலு இலக்க பின் நம்பர் இதில எடுபடாது, எக்கவுன்ட்டின்ர முழுப் பாஸ்வேர்ட் வேணும், பாஸ்வேர்டே போடாத எக்கவுன்ட் எண்டா விண்டோஸ் உள்ளுக்கே விடாது. கீழ இருந்து நீங்கள் உள்ளுக்குப் போன உடன மேல ஸ்க்ரீன் லொக் ஆகும், அங்க ஆரும் இருந்து பாத்துக்கொண்டிருக்கேலாது. ஆளில்லாத கதிரைக்கு இது நல்லா இருக்கும், அப்பா மேல இருந்து “தம்பி, இந்த ஃபோர்ம் எங்க போட்டுது?” எண்டு கேக்கிற நேரத்துக்கு உதவாது.

அந்த நேரத்துக்குத்தான் டைட் விஎன்சி, விஎன்சி எண்ட முறையில ஓடுற ஒரு அப். விஎன்சி 1990களில கேம்பிரிட்ஜில ஒலிவெட்டி ஆராய்ச்சிக்கூடத்தில செய்தது, வேலை செய்யிற விதமும் லேசு: அங்க தெரியிற ஸ்க்ரீனை அப்பிடியே படமா அனுப்பும். அதால ரெண்டு பேரும் ஒரே ஸ்க்ரீனைப் பாக்கலாம், மவுஸையும் ரெண்டு பேரும் இழுக்கலாம் (அப்பா முதல் தரம் மவுஸ் தானா ஓடுறதப் பாத்து வைரஸ் எண்டு பிளக்கைக் கழட்டப் போனவர்). ஹோம் எடிசனிலயும் ஓடும், பழைய மிசினுக்கும் பாரமில்ல. ஆனா சத்தம் வராது, வீடியோ ஓடவிட்டா வெட்டி வெட்டித்தான் வரும், பாஸ்வேர்ட் எட்டு எழுத்துக்கு மேல கணக்கெடுக்காது, போற வாற டேட்டாவும் என்கிரிப்ட் (இடையில ஆரும் வாசிக்கேலாம மறைச்சு அனுப்புறது) இல்ல. வீட்டுக்குள்ள மட்டும் எண்டா பரவாயில்ல, கெஸ்ட் ஹவுஸ் வைஃபையில இதைத் திறந்து வைக்காதேங்கோ, உப்புவெளிப் பக்கம் லொட்ஜ் நடத்துற ஆக்களுக்குத்தான் சொல்லுறன்.

ரஸ்ட்டெஸ்க் இப்ப நான் அப்பாவின்ர அலுவலுக்குப் பாவிக்கிறது. ஓபன் சோர்ஸ். போட்ட உடன இதுவும் நம்பர் ஒண்டு காட்டி வெளி சேர்வரைத்தான் தேடும், அதால பயந்துபோய் கழட்ட வேண்டாம், செக்கியூரிட்டி செட்டிங்ஸில நேரடி ஐபி எக்ஸஸ் எண்டு ஒண்டு கிடக்கு, அத ஓன் பண்ணிப்போட்டு நம்பர் அடிக்கிற இடத்தில மற்ற மிசினின்ர ஐபிய (வீட்டு நெட்வேர்க்குக்குள்ள அதின்ர விலாச நம்பர்) அடிச்சா ஃபைபர் லைன் செத்துக் கிடந்தாலும் வேலை செய்யும். சத்தமும் வரும், ஃபைலும் மாத்தலாம், ஆனா நேரடி ஐபியால போகேக்க என்கிரிப்ட் இருக்கெண்டு நம்ப வேண்டாம். சும்மா டபுள் கிளிக் பண்ணி ஓடவிடாம முறையா இன்ஸ்டோல் பண்ணுங்கோ, இல்லாட்டி அட்மின் பேர்மிசன் கேக்கிற பெட்டி வரேக்க உங்களால அதில கிளிக் பண்ணேலாது.

எதப் போட்டாலும் ரவுட்டருக்குள்ள போய் மேல் மிசினுக்கு ஒரு ஐபிய நிரந்தரமா ஒதுக்கி விடுங்கோ, இல்லாட்டி அது மாறி மாறித் தேட வேண்டி வரும். விண்டோஸில நெட்வேர்க்கைப் பிரைவேட் எண்டு மாத்துங்கோ. ரிமோட் டெஸ்க்டொப் உள்ளுக்கு வாற வாசலான 3389 போர்ட்டை ரவுட்டரில வெளியால திறந்து விட வேண்டவே வேண்டாம், 2019இல அதில புளூகீப் எண்ட ஓட்டை வந்தபோது மைக்ரோசொஃப்ட் தான் கைவிட்ட பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கே திருத்தம் குடுத்தது எண்டா யோசிச்சுப் பாருங்கோ. கொங்கிரீட் தட்டைத் தாண்டி 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை லேசில இறங்காது, அதால நான் ரவுட்டருக்கும் மேல் மிசினுக்கும் கேபிள் இழுத்துப் போட்டன். இந்த முழு வேலையிலயும் பலன் கூடக் கண்டது அந்தக் கேபிளிலதான், சொஃப்ட்வெயாரில இல்ல.

மிசின் ஸ்லீப்புக்குப் போனா மூண்டில எதாலயும் உள்ளுக்குப் போகேலாது, அத நிப்பாட்டுங்கோ. கரண்ட் போய் வந்தா மிசின் தானா ஓன் ஆகிறதுக்கு பயோஸில (விண்டோஸ் தொடங்க முதல் வாற அடிப்படைச் செட்டிங்) ஒரு செட்டிங் அனேகமான மதர்போர்ட்டுகளில இருக்கு, அதையும் போட்டு வைச்சீங்கள் எண்டா படி ஏறுறது பிரின்டருக்குப் பேப்பர் வைக்க மட்டும்தான்.