பழைய விடெக்குக்குப் புது டயர்: மதுரை வெயிலில் தாங்குவது எது?

ஹோண்டா சிட்டி விடெக், ஐகான் 1.6, பாலியோ 1.6 மாதிரியான பழைய வேகக் கார்களை இன்னும் ஆசையாக வைத்திருப்பவர்கள் டயர் கடையில் முதலில் கேட்பது, "எவ்வளவு அகலம் போடலாம்?" பல வருடம் இந்த ஊர்ச் சாலைகளில் ஓட்டிப் பார்த்த பிறகு சொல்கிறோம்: முதலில் கேட்க வேண்டியது, "டயர் எப்போது தயாரானது?"

டயரின் பக்கச்சுவரான சைடுவாலில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ரப்பரை இறுக வைப்பது வெப்பமும் காற்றும்தான். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், தகரக் கூரைக் குடோனில் கிடக்கும் டயர் ஓடாமலே கிழடாகிவிடும். 14 அங்குலத்தில் ஸ்போர்ட்ஸ் ரகம் மெதுவாகத்தான் விற்கும்; அதனால் பழைய சரக்கு மாட்டும் வாய்ப்பு அதிகம். 2020 ஜூனிலிருந்து டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருப்பதால், "ஃபாரின் சரக்கு சார்" என்று எடுத்து வந்தால் விலைக்கு முன் தேதியைப் பாருங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள். டயரின் கோடு கோடான பள்ளத்தின் அடியில் நகத்தை அழுத்தினால் நல்ல ரப்பர் உடனே எழும்பி வரும். இறுகியது நகத்தை உள்ளே விடாது. பள்ளத்தின் ஓரம் மயிரிழை மாதிரி வெடிப்பு தெரிந்தால் பட்டன் (தரையைத் தொடும் ட்ரெட்) எவ்வளவு இருந்தாலும் அந்த டயர் வேண்டாம்.

அடுத்தது ரப்பரின் மென்மை. தேய்மானத்தைக் குறிக்கும் ட்ரெட்வேர் எண் போட்டிருந்தால் அது ஓரளவு வழிகாட்டும்; எண் குறைந்தால் ரப்பர் மென்மை, தேய்வும் வேகம். யோகஹாமா நியோவா ஏடி08ஆர் 180, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்இ003 220. இந்த ரகம் வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் வளைவுகளில் அள்ளிப் பிடிக்கும். ஆனால் தினமும் ரிங் ரோடு, வாரக் கடைசியில் நாலுவழிச்சாலை என்று ஓடும் காருக்கு அது சீக்கிரம் தேயும். ஏபிஎஸ் இல்லாத காரில் ஒரு தடவை வீல் லாக் ஆகி இழுத்தாலே அந்த இடம் தட்டையாகிவிடும். பிறகு 60ல் போனாலும் ஸ்டீயரிங் அதிரும். எங்கள் கணிப்பில் இங்கே பொருத்தம் 300ஐ ஒட்டிய எண், எச் (210 கி.மீ.) அல்லது வி (240 கி.மீ.) வேகக் குறியீடு.

அளவுக்கு வருவோம். 175/65 ஆர்14 (175 மி.மீ. அகலம், அதில் 65 சதவீதம் சைடுவால் உயரம், 14 அங்குல ரிம்) அளவின் விட்டம் 583 மி.மீ. அதே ரிம்மில் 185/60 ஆர்14 போட்டால் 578. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கீழே, ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. ஐந்தரை அங்குல ரிம்மிலும் இது சரியாக உட்காரும். 195/50 ஆர்15 (576) பார்க்க அழகு. ஆனால் சைடுவால் உயரம் 114லிருந்து 98 மி.மீ.க்குக் குறைகிறது. குழி தோண்டி மூடாத தெரு, வண்ணம் பூசாத வேகத்தடை என்று ஓடும் ஊரில் அந்த 16 மி.மீ.தான் ரிம்மைக் காப்பாற்றுவது. ரிம் வளைவதும் சைடுவால் வீங்குவதும் இதில்தான் அதிகம். எங்கள் ஓட்டு 185/60க்கு. டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் லோடு இன்டெக்ஸ் பழையதைவிடக் குறையக் கூடாது. கம்பெனி சொன்ன அளவு கதவுத் தூண் ஸ்டிக்கரில் இருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள்.

டயருக்குக் காசு கொடுக்கும் முன் காரைத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் இணைப்புகளான லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் மூன்றையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இருபது வருட ரப்பர் புஷ்ஷில் அலைன்மென்ட் செய்வது வீண். பிரேக் அடித்தால் டோ (சக்கரம் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் கோணம்) மாறிவிடும். புது டயரின் உள்தோள்பட்டை மட்டும் தேய்ந்து நிற்பதற்கு, டயரைவிட இதுவே பெரும்பாலும் காரணம். ஸ்பிரிங்கைத் தாழ்த்திய கார்களில் கேம்பரும் (சக்கரம் மேலே சாய்ந்து நிற்கும் கோணம்) சேர்ந்துகொள்ளும். பிடிப்பு கூடக் கூட இந்தப் புஷ்கள் வாங்கும் அடியும் கூடும்.

மாட்டும்போது வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கம்பெனி தராத வெளி அலாய் வீல் என்றால் நடு ஓட்டையும் ஹப்பும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஹோண்டா ஹப் 56.1 மி.மீ. ஓட்டை பெரிதாக இருந்து, இடைவெளியை அடைக்கும் ரிங் இல்லாமல் மாட்டினால் எத்தனை பேலன்சிங் செய்தாலும் அதிர்வு போகாமல் இருக்கலாம். நட்டை ஏர் கன்னால் மட்டும் இறுக்கிவிட்டு அனுப்புவார்கள். ஹோண்டாவுக்கு, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் 108 நியூட்டன் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள், 100 கி.மீ. ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும். முதல் 200 கி.மீ. அடக்கமாக ஓட்டுங்கள், டயரை வார்த்த அச்சிலிருந்து வந்த வழவழப்பு அதற்குள் போய்விடும்.

காற்றை விடியற்காலையில், கார் ஓடுவதற்கு முன் பாருங்கள். சுமார் 6 டிகிரி வெப்பத்துக்கு 1 பிஎஸ்ஐ ஏறும். மத்தியானம் 37 காட்டுகிறது என்று 32க்கு இறக்கினால் மறுநாள் காலையில் அதற்கும் கீழே நிற்கும். தோள்பட்டை இரண்டும் தேய்ந்து வீணாகும் டயர்கள் இப்படித்தான் போகின்றன.

அருப்புக்கோட்டை, உசிலம்பட்டிப் பக்கம் ஓரத்தில் இறக்கினால் சீமைக்கருவேல முள் கட்டாயம். மென்மையான ரப்பரில் அது சுலபமாக ஏறும். உடைந்த முனை உள்ளேயே தங்கி மெதுவாகக் காற்றை விடும். பட்டன் பகுதியில் என்றால் உள்பக்கம் ஒட்டும் பேட்ச் போடுங்கள். சைடுவாலில் என்றால் டயரை மாற்றுங்கள்.

சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். ஆனால் ஐப்பசி மழையில் 3 மி.மீ.க்குக் கீழேயே தண்ணீரில் மிதக்கத் தொடங்கிவிடும். பணம் இரண்டுக்குத்தான் இருக்கிறது என்றால், முன்வீல் இழுக்கும் காரானாலும் புது ஜோடியைப் பின்னால் போடுங்கள்.